வாடகை வீடு வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி பங்சாரில் நடைபெற்ற குடும்ப தினக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நம் சங்கத்திற்கு ஐம்பது வயது நிறைகிறது. இந்த மேடையில் மார்க்கம் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். வரலாறு பேசப் பெரியவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நம் பிள்ளைகள் எல்லாரும் வாடகைக்கு விடுவதற்கு வீடு வாங்கப் போகிறோம் என்கிறார்கள். அதைப் பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள்" என்று செயற்குழு கேட்டுக்கொண்டது. நான் பொருளாதார நிபுணன் அல்ல. பாலிடெக்னிக்கில் கட்டடத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டு, வாப்பாவின் பாத்திர வியாபாரத்தில் சேர்ந்தவன். உணவகங்களுக்குச் சட்டி, தட்டு, அடுப்பு விற்பதால் நம்மவர் கடைகளின் வரவு செலவு ஓரளவு தெரியும். கட்டடம் படித்ததால், ஒரு சுவரைப் பார்த்தால் ஈரம் எங்கிருந்து இறங்குகிறது என்பதும் கொஞ்சம் தெரியும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நமக்கு வாடகை வீட்டின் மேல் ஆசை வரக் காரணம் இருக்கிறது. நாம் தலைமுறை தலைமுறையாக வாடகை கொடுத்தவர்கள். மஸ்ஜிட் இந்தியாவானாலும் பிரிக்பீல்ட்ஸானாலும் கிள்ளானானாலும், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள் நெருங்கினால் நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தூக்கம் வராது. கடைக்காரனுக்குப் பென்ஷன் கிடையாது. கால் வலிக்கும் வயதில், கல்லாவில் உட்கார முடியாத வயதில், மாதம் பிறந்தால் ஒரு தொகை வந்து விழ வேண்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. அது நியாயமான ஆசை. அந்த ஆசைக்குக் கணக்கு போட்டுப் பார்த்தோமா என்பதுதான் என் கேள்வி.

நாம் கூடியிருக்கும் இந்தப் பங்சாரையே எடுத்துக்கொள்வோம். ஒரு காலத்தில் இது ரப்பர் தோட்டம். புங்கே, கிரிசார் என்ற இரண்டு ஐரோப்பிய முதலாளிகளின் பெயர்கள் சேர்ந்துதான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். தோட்டம் குடியிருப்பானது. 1998 செப்டம்பரில் எல்ஆர்டி வந்தது. 1999இல் பக்கத்தில் மிட் வேலி திறந்தது. 2001இல் கே.எல். சென்ட்ரல் வந்தது. ஆரம்பத்தில் இங்கே தரைவீடு வாங்கிப் போட்டவர்களின் சொத்து பல மடங்காகிவிட்டது. அவர்களைப் பார்த்துத்தான் நாமும், "கண்ணை மூடிக்கொண்டு வீடு வாங்கினால் போதும், இருபது வருடத்தில் பணக்காரன்" என்று பேசுகிறோம்.

இதில் இரண்டு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, அவர்கள் வாங்கியது மண். அதே தெருவில் புதிதாக மண் முளைக்காது. நாம் இன்று வாங்கப் பார்ப்பது முப்பதாவது மாடியில் ஒரு கொண்டோ. எதிர்ப்பக்கம் காலி நிலம் இருந்தால் மூன்றே வருடத்தில் இன்னும் ஐந்நூறு வீடு எழும்பி, நமக்கு வரவேண்டிய வாடகைதாரரை அழைத்துக்கொள்ளும். தேசிய சொத்துத் தகவல் மையத்தின் கணக்குப்படி, 2021ஆம் ஆண்டு முடிவில் கட்டி முடித்தும் விலைபோகாமல் கிடந்த குடியிருப்பு வீடுகள் நாடு முழுவதும் 36,863. அவற்றின் மதிப்பு ஏறத்தாழ 2,279 கோடி ரிங்கிட். 2023 முடிவில் அது 25,816 வீடுகளாகக் குறைந்தது. நம் பிள்ளைகள் அதிகம் வாங்குகிற சர்வீஸ் அபார்ட்மெண்ட் இந்த எண்ணிக்கையில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு.

இரண்டாவது, விலை ஏறுகிற வேகத்தில் வாடகை ஏறுவதில்லை. விலையை நிர்ணயிப்பது வாங்குபவரின் நம்பிக்கையும் வங்கியின் கடனும். வாடகையை நிர்ணயிப்பது குடியிருப்பவரின் சம்பளம். அதனால்தான் பெயர்பெற்ற இடத்தில் விலையோடு ஒப்பிட்டால் வாடகை பல நேரம் மெலிவாக இருக்கும். சாதாரண இடத்துச் சாதாரண வீட்டுக்கு அந்த விகிதம் மேலாகவே இருக்கலாம்.

இப்போது ஒரு கணக்கு. எண்கள் உதாரணத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. வீட்டுக்குப் போய் உங்கள் எண்களை வைத்துப் போட்டுப் பாருங்கள்.

6 லட்சம் ரிங்கிட்டுக்கு ஒரு கொண்டோ. மாத வாடகை 2,500 என்று வையுங்கள். வருடத்துக்கு 30,000. விற்க வருகிற முகவர், "ஐந்து விழுக்காடு வருமானம் பாய்!" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார், அவ்வளவுதான்.

மீதியை நாம் போடுவோம். பராமரிப்புக் கட்டணமும் சிங்கிங் ஃபண்ட்டும் மாதம் 400 என்றால் வருடத்துக்கு 4,800. மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்புறுதி எல்லாம் சேர்த்து 1,500. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் வருடத்தில் ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 2,500. முகவருக்குக் கொடுப்பதை வருடத்துக்குப் பிரித்தால் 1,500. ஏர்கோன், குழாய், சாயம், பூட்டு என்று 2,000. மொத்தச் செலவு 12,300. கையில் நிற்பது 17,700.

போட்ட பணமும் 6 லட்சம் அல்ல. சொத்து மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 1 விழுக்காடு, அடுத்த நான்கு லட்சத்துக்கு 2, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 3. ஆக 6 லட்சத்துக்கு 12,000 ரிங்கிட். 5,40,000 கடன் வாங்கினால் கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 2,700. வழக்கறிஞர் செலவு, விளக்கு, காற்றாடி, அலமாரி எல்லாம் சேர்ந்தால் 6,50,000 தொட்டுவிடும். 6,50,000 போட்டு 17,700 வருகிறது. 2.7 விழுக்காடு. முகவர் சொன்ன ஐந்து ஏறக்குறைய பாதியாகிவிட்டது.

இதில் இன்னும் வங்கித் தவணையைத் தொடவில்லை. 5,40,000 ரிங்கிட்டை 4.25 விழுக்காட்டில் 30 வருடத்துக்கு எடுத்தால், மாதம் ஏறத்தாழ 2,656. வருடத்துக்கு 31,900 பக்கம். வீடு தருவது 17,700. மீதி 14,200 ரிங்கிட்டை, அதாவது மாதம் சுமார் 1,180ஐ, நம் கடைக் கல்லாவிலிருந்து எடுத்துக் கட்ட வேண்டும். நியாயமாகச் சொன்னால், முதல் வருடத்தில் ஏறத்தாழ 9,100 அசலில் கழிகிறது. அது நம் சேமிப்புதான். மிச்சம் 5,000தான் உண்மையான கைநட்டம். ஆனால் மாதம் பிறந்தால் கட்ட வேண்டியது முழுத் தொகை. அசல் கழிகிறது என்ற சந்தோஷத்தை வங்கி தவணையாக ஏற்றுக்கொள்ளாது.

ஐந்து வருடம் வைத்திருந்து அதே 6 லட்சத்துக்கு விற்றால் என்ன ஆகும்? உள்ளே நுழைந்த செலவு 50,000. வருடா வருடம் கைநட்டம் சேர்ந்து இருபதாயிரத்துக்கு மேல். விற்றுக் கொடுக்கும் முகவருக்கு 3 விழுக்காடு, 18,000. ஆக ஏறத்தாழ 90,000 ரிங்கிட் போயிருக்கும். வாங்கிய விலைக்கே விற்றேன், நட்டமில்லை என்று நாம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இன்னொரு வீடு. லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடி, விலை 2,50,000, வாடகை 1,300. அதே முறையில் செலவு வருடத்துக்கு 5,250 போனால், நிற்பது 10,350. உள்ளே நுழையும் செலவோடு போட்டது 2,75,000 என்றால், 3.8 விழுக்காடு. 2,25,000 கடனுக்கு மாதத் தவணை 1,107. கல்லாவிலிருந்து எடுக்க வேண்டியது மாதம் 250க்குள். பார்க்க அழகில்லை, மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லவும் முடியாது. ஆனால் ஒரு சாதாரணக் கடைக்காரர் தாங்கக்கூடிய சுமை இது. அதற்கும் குறை உண்டு. விற்க நேரமாகும். தண்ணீர்க் குழாய் பழசு. 99 வருடக் குத்தகை நிலமாக இருந்து மீதி ஆண்டுகள் குறைந்துவிட்டால் வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். எந்த வீட்டிலும் அபாயம் உண்டு. எது நம்மால் தாங்கக்கூடிய அபாயம் என்பதே கேள்வி.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோல் வேண்டுமல்லவா? ஊழியர் சேமநிதி 2023ஆம் ஆண்டுக்கு 5.50 விழுக்காடும், 2024க்கு 6.30 விழுக்காடும் இலாப ஈவு கொடுத்தது. ஷரியா சேமிப்புக்கு 2023இல் 5.40, 2024இல் அதே 6.30. சொந்தத் தொழில் செய்கிற நாமும் விருப்பத்தின்பேரில் அதில் வருடத்துக்கு ஒரு லட்சம் ரிங்கிட் வரை போடலாம். அங்கே குழாய் உடையாது, வாடகைதாரர் ஓடமாட்டார். ஆனால் பணத்தை நினைத்த நேரத்தில் முழுவதும் எடுக்க முடியாது, ஒவ்வொரு வருடமும் அதே ஈவு வரும் என்ற உறுதியும் இல்லை. வீட்டுக்குள்ள நன்மை, விலை ஏறினால் அந்த ஏற்றம் நம்முடையது. நானே கூட்டி உடைக்கலாம், சாயம் அடிக்கலாம், மதிப்பைக் கூட்டலாம். கட்டடங்களில் பங்கு வேண்டும், தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு பர்சா மலேசியாவில் ரீட் எனப்படும் சொத்து அறக்கட்டளைகள் இருக்கின்றன. 2006லேயே ஷரியா முறையிலான ரீட் இங்கே பட்டியலிடப்பட்டது. அதிலும் விலை ஏறும், இறங்கும். வீடுதான் ஒரே வழி என்று எண்ண வேண்டாம் என்பதற்காகவே இவற்றைச் சொல்கிறேன்.

இனி அபாயங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, தவணை ஏறும் அபாயம். பேங்க் நெகாராவின் ஓபிஆர் விகிதம் 2020 ஜூலையில் 1.75க்கு இறங்கியது. அந்தக் காலத்தில் கடன் எடுத்தவர்கள் பலர், தவணை எப்போதும் இப்படியே இருக்கும் என்று எண்ணினார்கள். 2022 மே மாதத்தில் ஏறத் தொடங்கி, 2023 மே மாதத்தில் 3.00 ஆனது. 2025 ஜூலையில் 2.75 ஆக இறங்கியது. நான் முதலில் சொன்ன கடனில் விகிதம் ஒரு விழுக்காடு கூடினால், மாதத் தவணை 2,656இலிருந்து 2,980 ஆகும். பெரியவர்களுக்கு 1998 ஞாபகம் இருக்கும். அந்த நெருக்கடியில் வங்கிகளின் அடிப்படைக் கடன் விகிதமே 12 விழுக்காட்டைத் தாண்டியது. "நான் இஸ்லாமிய முறையில்தான் எடுத்திருக்கிறேன்" என்று சிலர் சொல்வீர்கள். ரிபாவை விட்டு விலகுவது நம் கடமை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இஸ்லாமிய நிதியுதவியிலும் இலாப விகிதம் பெரும்பாலும் ஏறி இறங்கும் வகைதான். கட்டத் தவறினால் அங்கேயும் வீடு லேலோங்குக்குப் போகும். ஹலால் என்பதால் அபாயம் இல்லை என்று பொருளாகாது.

இரண்டாவது அபாயம்தான் நம் சமூகத்துக்கு மிகப் பெரியது. இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, பொட்டலம் மட்டும்தான். நம்மவர் கடைகள் படுத்தன. என் பாத்திரக் கடைக்கும் ஆர்டர் இல்லை. அதே வாரத்தில் கல்லூரிப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். வெளிநாட்டு ஊழியர்கள் போனார்கள். குறுகிய கால வாடகைக்கு விட்ட வீடுகள் அடியோடு காலி. எனக்குத் தெரிந்த ஒரு உணவகக்கார நானாவுக்கு மூன்று கொண்டோ. கடை ஒரு பக்கம், வீடு மூன்று பக்கம், "ஒன்று போனால் ஒன்று தாங்கும்" என்பார். தாங்கவில்லை. எல்லாம் ஒரே நாளில் நின்றது. ஏன்? அவர் வீடுகளில் குடியிருந்தவர்கள் அவரைப் போன்ற கடைகளில் வேலை செய்தவர்கள், அந்தக் கடைகளில் சாப்பிட்டவர்கள். அவருக்கு நான்கு வருமானம் இருந்ததாகத் தோன்றியது. உண்மையில் இருந்தது ஒரே வருமானம், நான்கு வாசல் வழியாக வந்தது.

அந்த வருடம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஆறு மாதம் வங்கித் தவணைக்கு அவகாசம் கொடுத்தார்கள். பலர் மூச்சு விட்டார்கள். ஆனால் அது தள்ளிவைப்புதான், தள்ளுபடி அல்ல. அடுத்த முறை அப்படி ஒரு அவகாசம் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆகவே நம் வியாபாரம் எதை நம்பியிருக்கிறதோ, வீடும் அதையே நம்பியிருக்கக் கூடாது. உணவகம் வைத்திருப்பவர், உணவக ஊழியர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் மட்டுமே எதிர்பார்க்கும் இடத்தில் வீடு வாங்காமல், மருத்துவமனைக்கோ பள்ளிக்கோ அரசாங்க அலுவலகத்துக்கோ பக்கத்தில், மாதச் சம்பளக்காரர் குடியிருக்கும் இடத்தில் தேடட்டும்.

மூன்றாவது, கட்டடத்தின் அபாயம். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி, பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காடு சிங்கிங் ஃபண்ட்டுக்குக் கட்ட வேண்டும். லிஃப்ட் மாற்ற, கூரை பழுதுபார்க்க அந்தப் பணம்தான். பக்கத்து வீட்டார் கட்டாமல் இருந்தால், நீங்கள் ஒழுங்காகக் கட்டினாலும் லிஃப்ட் நிற்கும். ஆகவே வீட்டின் உள்ளே உள்ள டைல்ஸைப் பார்க்காதீர்கள். கார் நிறுத்தும் அடித்தளத்துக்குப் போங்கள். மேல்தளத்தில் நீர்க்கசிவின் வெள்ளைத் தடம் இருக்கிறதா, லிஃப்ட் எத்தனை ஓடுகிறது, அறிவிப்புப் பலகையில் நிலுவைப் பட்டியல் எவ்வளவு நீளம் என்று பாருங்கள். மழை நாளில் ஒரு முறை, இரவில் ஒரு முறை போங்கள். நிர்வாகக் கூட்டத்தின் கணக்கறிக்கையை விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள்.

வாடகையை நாள் கணக்கில் விட்டால் கொள்ளை இலாபம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. மோண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் வழக்கில், குறுகிய கால வாடகையைத் தடுக்க நிர்வாகக் கழகத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்டடத்தின் விதிமுறையைப் படிக்காமல் அந்த வருமானத்தை நம்பிக் கடன் எடுக்க வேண்டாம்.

நான்காவது, வெளியே வர முடியாத அபாயம். கடையில் சரக்கு தேங்கினால் விலையைக் குறைத்துத் தள்ளிவிடலாம். வீட்டை அப்படித் தள்ள முடியாது. குடிமக்களுக்கு, மூன்று வருடத்துக்குள் விற்றால் இலாபத்தில் 30 விழுக்காடு சொத்து இலாப வரி, நான்காம் வருடம் 20, ஐந்தாம் வருடம் 15. 2022 முதல் ஆறாம் வருடத்திலிருந்து இல்லை. ஆகவே குறைந்தது ஆறு வருடம் தொடத் தேவைப்படாத பணம்தான் வீட்டுக்கு ஏற்ற பணம். மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் உள்ள பணத்தை அதில் போட்டால், தேவைப்படும் நாளில் அந்தப் பணம் சுவராக நின்றுகொண்டிருக்கும்.

ஐந்தாவது, ஆசை காட்டுபவர்களின் அபாயம். "கையில் ஒரு காசும் வேண்டாம், வீடும் கிடைக்கும், மேலே ரொக்கமும் கிடைக்கும்" என்று ஹோட்டலில் கூட்டம் போட்டு அழைக்கிறார்கள். விலையைக் கூட்டி எழுதி வங்கியிடம் அதிகம் வாங்கி, மிச்சத்தைக் கையில் தருவது. ஒரே நேரத்தில் பல வங்கிகளில் விண்ணப்பித்து, ஒன்றுக்கொன்று தெரியுமுன் பல வீடு எடுப்பது. பேங்க் நெகாரா 2010 நவம்பரிலேயே மூன்றாவது வீட்டிலிருந்து 70 விழுக்காட்டுக்கு மேல் கடன் கிடையாது என்று வரம்பு போட்டது. அந்த வரம்பு நம்மைக் காக்கத்தான். அதைச் சுற்றிப் போகிற வழியில் வங்கியை ஏமாற்றுகிறோம், அது மார்க்கத்துக்கும் ஆகாது. பெயர் நம்முடையது, கையெழுத்து நம்முடையது. லேலோங்கில் வீடு குறைந்த விலைக்குப் போனால், மீதிக் கடனுக்கு நம்மைத்தான் தேடி வருவார்கள். அந்த நிலுவை ஒரு லட்சம் ரிங்கிட்டைத் தொட்டால் திவால் வழக்குக்கும் வழி இருக்கிறது. இளைய தம்பிமார்களே, கைச்செலவுக்குக் கிடைத்த அந்த ரொக்கம் இலாபம் அல்ல. 30 வருடத்துக்கு வாங்கிய கடன் அது.

இதுவரை சொத்துக்காரர் பக்கம் பேசினேன். குடியிருப்பவர் பக்கமும் பேச வேண்டும், ஏனென்றால் நாமே அங்கிருந்து வந்தவர்கள்.

1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை உயர விடாமல் பிடித்து வைத்தது. பினாங்கு ஜார்ஜ்டவுனில் பழைய கடைவீடுகள் முழுக்க அதன் கீழ்தான். கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றி நம் முன்னோர் வக்ஃபு செய்த இடங்கள் இருப்பதும் அந்த ஊரில்தான். சட்டம் இருந்தவரை சொத்துக்காரர் கைக்கு வந்தது சொற்பம், அதனால் கூரை ஒழுகினாலும் பழுதுபார்க்க மனம் வரவில்லை. 1997இல் சட்டத்தை நீக்கினார்கள். 1999 முடிவோடு அவகாசமும் தீர்ந்தது. வாடகை பல மடங்கு ஏறியது. தலைமுறையாகத் தொழில் செய்த பல குடும்பங்கள் இடத்தைக் காலி செய்தன. ஆள் போன பிறகு பல கட்டடங்கள் பூட்டியே கிடந்தன. வாடகை மிகக் குறைந்தால் கட்டடம் சாகிறது, ஒரேயடியாக ஏறினால் குடி போகிறது. இரண்டிலும் சொத்துக்காரருக்கும் நட்டம்தான்.

ஆகவே நல்ல வாடகைதாரரை வைத்துக்கொள்வதும் ஒரு முதலீடுதான். 2,500 வாடகையை 2,700 ஆக்கப் போய் அவர் காலி செய்து, இரண்டு மாதம் வீடு சும்மா கிடந்தால் 5,000 போகும். அந்த 200ஐ வைத்து இதை மீட்க 25 மாதம் ஆகும். அதே நேரம், வாடகை தராதவரை எப்படி நடத்துவது? கோபத்தில் பூட்டை மாற்றக் கூடாது. 1950ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் குடியிருப்பவரை வெளியேற்ற முடியாது. நிலுவைக்கு 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் வழி இருக்கிறது, அதுவும் நீதிமன்றம் மூலம்தான். இவை மாதக் கணக்கில் இழுக்கும். அதனால் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் முக்கால் வேலை. வேலை இடத்தை விசாரியுங்கள். இரண்டு மாத டெப்பாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், ஒரு மாத முன்வாடகை என்ற வழக்கத்தை உறவுக்காரர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். ஒப்பந்தத்தை எழுதி முத்திரை வரி கட்டுங்கள். முத்திரை இல்லாத தாள் நீதிமன்றத்தில் கைகொடுக்காது. வீட்டை ஒப்படைக்கும் நாளில் ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். டெப்பாசிட் அமானிதம். காலி செய்யும் நாளில் நியாயமாகக் கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். வாடகை வருமானத்தை வருமான வரியில் காட்டுங்கள். வட்டி, வரி, காப்புறுதி, பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கழிக்க அனுமதி உண்டு, ரசீதை மட்டும் தொலைக்காதீர்கள்.

குடும்பத்துக்குள்ளும் ஒரு வார்த்தை. அண்ணன் தம்பி மச்சான் சேர்ந்து வாங்குவது நம் வழக்கம். பணம் நால்வருடையது, பத்திரம் ஒருவர் பெயரில். பேசும்போது இனிக்கும். அவர் மவுத்தானால் அந்தச் சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் ஃபராயிளில் போகும். மற்ற மூவரின் பங்குக்குச் சாட்சி யார்? கொடுக்கல் வாங்கலை எழுதி வையுங்கள் என்று குர்ஆனிலேயே கட்டளை இருக்கிறது. யார் எவ்வளவு போட்டார், தவணை குறைந்தால் யார் கட்டுவது, ஒருவர் விலக நினைத்தால் விலை எப்படி, இந்த மூன்றையும் வழக்கறிஞரிடம் எழுதிவிடுங்கள். வீட்டுப் பெண்களுக்கும் தெரியட்டும். கடன் எவ்வளவு என்று மனைவிக்குத் தெரியாத வீடு, ஆபத்தான வீடு.

முடிக்குமுன் வீட்டுக்கு எடுத்துப்போக ஐந்து அளவுகோல் தருகிறேன். ஒன்று, வாடகையை பன்னிரண்டால் பெருக்காதீர்கள், பத்தால் பெருக்குங்கள். செலவைக் கழித்துத்தான் விழுக்காடு பாருங்கள். இரண்டு, ஆறு மாதத் தவணையும் பராமரிப்பும் கட்டும் அளவு ரொக்கம் தனியே இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று, விகிதம் இரண்டு விழுக்காடு ஏறினாலும் கட்ட முடியுமா என்று இன்றே போட்டுப் பாருங்கள். நான்கு, வீடு வாங்கக் கடையை அடமானம் வைக்காதீர்கள், கடையின் சரக்குப் பணத்தில் கை வைக்காதீர்கள். இன்று சோறு போடுவதைக் கொடுத்து, நாளை சோறு போடக்கூடும் என்பதை வாங்குவது வியாபாரம் அல்ல. ஐந்து, விலை ஏறாவிட்டாலும் இந்த வீட்டைப் பத்து வருடம் வைத்திருப்பேனா என்று உங்களையே கேளுங்கள். ஆம் என்று மனம் சொன்னால் பிஸ்மி சொல்லி வாங்குங்கள். விலை ஏறினால்தான் தப்பிப்பேன் என்றால் விட்டுவிடுங்கள். இன்னொரு வீடு வரும்.

நான் யாரையும் வீடு வாங்காதீர்கள் என்று தடுக்கவில்லை. கணக்குப் பார்த்து, ஒரு சின்ன வீட்டை வாங்கி, பதினைந்து இருபது வருடத்தில் கடனை அடைத்து, இன்று அந்த வாடகையில் மருந்து வாங்கி மானத்தோடு வாழும் பெரியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தாங்கியது தவணை முடிந்த நாள். அதுவரை பொறுமையாக நின்றார்களே, அதுதான் அவர்கள் செய்த முதலீடு. நம் சங்கம் என்றாவது ஒரு கடைவீடு வாங்கி, அதன் வாடகையில் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ நினைத்தாலும் இதே கணக்கைத்தான் போட வேண்டும் என்று செயற்குழுவை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். சங்கத்தின் பணம் எல்லார் வீட்டுப் பணம்.

நம் சம்பாத்தியத்தில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக. கடனின் சுமையிலிருந்து நம் குடும்பங்களைக் காப்பானாக. நம்மிடம் குடியிருப்பவரும் நமக்கு இடம் தந்தவரும் நம்மைப் பற்றி நல்லதையே சொல்லும்படி வாழ வைப்பானாக. ஆமீன்.